எட்டாயிரம் தட்டும் பதினேழு மார்க்கும்

ஆணி அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. பாதி எழுதி வெச்ச பயணக்கட்டுரை ஒண்ணு அப்படியே தூங்குது. அது தூங்கட்டும். இன்னிக்குக் கொஞ்சம் சூடான விஷயம், நீளமாவும் போகும். பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போய்த் திட்டிட்டுப் போகலாம் :-)

நானும் பொட்டி தட்டுறவன்தான். ஆனா நீங்க நினைக்கிற ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துப் பொட்டி இல்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, இரும்புத் தூசிக்கும் லாரிப் புகைக்கும் நடுவுல இருக்கற ஒரு கம்பெனிக்குப் போய்த் தட்டுற பொட்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட்லேருந்து எங்க பக்கம் வரைக்கும் இந்த மாதிரி கம்பெனிகள் நிறைய. உள்ளே என்ன உருக்கினாலும் சரி, என்ன வார்த்தாலும் சரி, ஷெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம் கட்டாயம் இருக்கும். அதுல ரெண்டு மூணு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவத்துல சாமி காலண்டர். உள்ளே வர்ற லாரியோட எடைமேடைச் சீட்டு, ஸ்டோர்ஸ் இருப்பு, வெளியே போற சரக்குக்கு இன்வாய்ஸ், இ-வே பில், கான்ட்ராக்ட் ஆளுங்க வருகை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அந்த ரூம் வழியாத்தான் போகணும்.

அந்த ரூம்ல உக்காந்திருக்கறவங்களை யாரும் 'டேட்டா அனலிஸ்ட்'னு கூப்பிடறதில்லை. 'என்ட்ரி போடற பொண்ணு'ன்னு சொல்லுவாங்க. எங்க ரூம்ல இருக்கற அந்தப் 'பொண்ணு'க்கு வயசு நாப்பத்தாறு. பேரு வேணாம், அக்கான்னே சொல்றேன்.

மூணு மாசம் முன்னாடி எங்க கம்பெனியில 'டிஜிட்டல் திறன் மதிப்பீடு'ன்னு ஒண்ணு வெச்சாங்க. வெளியிலேருந்து ரெண்டு பேர் லேப்டாப்போட வந்து இறங்கினாங்க. கம்ப்யூட்டரைத் தொடற அத்தனை பேரும் எழுதணும். நாப்பது கேள்வி, முப்பது நிமிஷம், எல்லாம் இங்கிலீஷ், நாலு விடையில ஒண்ணை டிக் பண்ணணும். ஸ்லைடு ஷோ ஆரம்பிக்க எந்த விசை? 'கிளவுட்'னா கீழ்க்கண்டவற்றுள் எது? மின்னஞ்சல்ல பி.சி.சி.யோட விரிவாக்கம் என்ன? ஒரு ஜிகாபைட்ல எத்தனை மெகாபைட்? (ஆயிரமா ஆயிரத்து இருபத்துநாலான்னு உலகமே இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இவங்க அதுக்கு ஒரு மார்க் வெச்சிருக்காங்க!)

முப்பதுக்கு மேல வாங்கினா 'அட்வான்ஸ்டு'. இருபதுக்குக் கீழே போனா 'பேசிக்'. நான் முப்பத்துநாலு. அக்கா பதினேழு.

பதினேழோட நின்னிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. 'பேசிக்' வாங்கின கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது, ஆறு மாசத்துல மறுதேர்வு, அதுலயும் தேறலைன்னா 'ஆலோசிக்கப்படும்'னு சுற்றறிக்கை வந்துச்சு. 'ஆலோசிக்கப்படும்'னா என்னன்னு கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும்.

இப்ப ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். போன தீபாவளிக்கு முந்தின வாரம். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு போனஸ் போடணும். வருகைப் பதிவு சாஃப்ட்வேர்லேருந்து ஒரு கோப்பு வரும். பேரு, வங்கி, கணக்கு எண், தொகைன்னு நாலு பத்தி. நான் அதை எக்செல்ல திறந்து, ரெண்டு பத்தியை இடம் மாத்தி, சேவ் பண்ணி, வங்கித் தளத்துல ஏத்தணும். எத்தனையோ தடவை பண்ண வேலை. ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலுக்காக அக்கா கையில கொடுத்தேன்.

அக்கா பிரிண்டை ஃபைல்ல போடலை. விரலை வெச்சுக் கீழே இறக்கிக்கிட்டே வந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "தம்பி, இந்த ஒரு பேங்க்ல மட்டும் பதினோரு பேருக்கும் நம்பர் சைபர்லயே முடியுதே, அது எப்படிப்பா?"

நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "பேங்க் குடுக்கற நம்பர்தானேக்கா"ன்னேன். "இல்லப்பா, இந்த ஒடிசா பையன் பாஸ்புக் ஜெராக்ஸை நான்தான் வாங்கி நோட்ல எழுதினேன். அது ஏழுல முடியும்"ன்னு சொல்லிட்டு நீள நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. ஏழுதான்.

விஷயம் தெரிஞ்சவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. எக்செல் ஒரு எண்ணுல பதினஞ்சு இலக்கம் வரைக்கும்தான் துல்லியமா வெச்சுக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாம சைபராக்கிடும். எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கட்டம் கிடையாது. அந்த வங்கியோட கணக்கு எண் பதினாறு இலக்கம். பதினோரு பேர்ல ஒருத்தருக்கு நிஜமாவே சைபர். மத்த பத்து பேர் எண்ணையும் நான் கெடுத்து வெச்சிருக்கேன். ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த எண்ல கணக்கே இல்லைன்னா பணம் திரும்பி வந்து, தீபாவளி முடிஞ்சு கைக்குக் கிடைச்சிருக்கும். அந்த எண் வேற யாருக்காவது சொந்தம்னா அவங்க கணக்குல விழுந்திருக்கும். பத்து குடும்பத்துக்குத் தீபாவளி போயிருக்கும். அதைப் பண்ண இருந்தவன் 'அட்வான்ஸ்டு'. தடுத்தவங்க 'பேசிக்'.

சரி, ஒரு கம்பெனி, ஒரு தேர்வு, ஒரு அக்கா. இதுக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய பதிவுன்னு கேக்கலாம். தரவோட வேலை செய்யறவங்க திறமையை நம்ம நாட்டுல எப்படியெல்லாம் அளக்கறாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சு மூணு வழி.

முதல் வழி, விரலை அளக்கறது. பணியாளர் தேர்வாணையம், அதாங்க எஸ்.எஸ்.சி., டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலைக்கு வெக்கற திறன் தேர்வு மணிக்கு 8,000 விசைத் தட்டு. சில இடங்களுக்கு மணிக்கு 15,000. பதினஞ்சு நிமிஷம் குடுத்து அளப்பாங்க. 8,000-ன்னா செகண்டுக்கு ரெண்டு தட்டுக்கு மேல, 15,000-ன்னா நாலுக்கு மேல. நம்ம ஊர் டைப்ரைட்டிங் பரீட்சையும் இதே ஜாதிதான். இங்கிலீஷ் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. சின்ன ஊர்ல கூட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலத்துல வளர்ந்தவங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கும். அக்காவும் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணவங்கதான்.

இந்தத் தேர்வை நான் கேலி பண்ண மாட்டேன். ஏன்னா அது நேர்மையான தேர்வு. 'உன் விரல் எவ்வளவு வேகம், எவ்வளவு பிழை'ன்னு கேக்குது, அதை மட்டும் அளக்குது. காகிதத்துல இருக்கறதைத் திரைக்கு மாத்தறது மட்டுமே வேலையா இருந்த காலத்துக்கு அது பொருத்தம். ஆனா இன்னிக்கு எங்க ரூமுக்கு வர்ற தரவுல பாதிக்கு மேல யாரும் தட்டறதே இல்லை. எடைமேடை தானா அனுப்புது, வருகை மெஷின் தானா அனுப்புது. எங்க வேலை அது சரியான்னு பாக்கறது. செகண்டுக்கு நாலு தட்டுறவங்க, தான் தட்டுறது தப்புன்னு கவனிக்கறாங்களான்னு அந்தத் தேர்வு கேக்கவே கேக்காது. கேக்கவும் கூடாது, கேட்டா வேகம் குறைஞ்சிடும்!

ரெண்டாவது வழி, வாயை அளக்கறது. 'உங்களுக்கு இது தெரியுமா'ன்னு கேட்டு, 'தெரியும்'னா டிக். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 78ஆவது சுற்றில் (2020-21) இந்தியா முழுக்க வீடு வீடாப் போய்க் கேட்டாங்க. கோப்பை நகலெடுக்கத் தெரியுமா, இணைப்போட மின்னஞ்சல் அனுப்பத் தெரியுமா, விரிதாள்ல அடிப்படைச் சூத்திரம் போடத் தெரியுமா, நிரல் எழுதத் தெரியுமான்னு ஒரு பட்டியல். ஐ.நா.வோட நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான குறியீடு ஒண்ணுக்கு இந்த மாதிரி எண்கள்தான் போகுது. நாடு முழுக்க ஒரு குத்துமதிப்புக்கு இது போதும், தப்பே சொல்லலை. ஆனா இந்த மாதிரிக் கணக்கெடுப்புகள்ல வீட்டுல இருக்கற ஒருத்தரே மத்தவங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்றது சகஜம். பையனுக்கு எக்செல் தெரியுமான்னு அப்பாகிட்ட கேட்டா என்ன சொல்வார்? காலேஜ் ஃபீஸ் கட்டின எந்த அப்பாவாவது 'தெரியாது'ன்னு சொல்வாரா? :-)

அதைவிட முக்கியமான சிக்கல், குறைவாத் தெரிஞ்சவங்கதான் தன்னைப் பத்தி அதிகமா மதிப்பிட்டுக்குவாங்க. 1999ல கார்னெல் பல்கலைக்கழகத்தின் டன்னிங், க்ரூகர் ரெண்டு பேரும் இதைப் பத்தி எழுதின ஆய்வு ரொம்பப் பிரபலம். 'விரிதாள்ல சூத்திரம் போடத் தெரியுமா?'ன்னா நான் யோசிக்காம 'ஓ, நல்லாத் தெரியும்'பேன். அக்கா, "கொஞ்சம் கொஞ்சம் தெரியும் தம்பி"ம்பாங்க. நான் 'ஆம்', அவங்க 'இல்லை'ன்னு பதிவாகும்.

மூணாவது வழி, ஞாபகத்தை அளக்கறது. எங்க கம்பெனியில நடந்தது இதுதான். இதுலயே கொஞ்சம் பெரிய வகை, சான்றிதழை எண்ணறது. பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம்னு ஒண்ணு 2017ல ஆரம்பிச்சு 2024 மார்ச் 31 வரைக்கும் நடந்துச்சு. ஆறு கோடி பேர் இலக்கு, 6.39 கோடி பேருக்குப் பயிற்சி கொடுத்ததா அரசு சொல்லுது. மொத்தப் பயிற்சி இருபது மணி நேரம். கைபேசியையே தொடப் பயந்தவங்களுக்கு அந்த இருபது மணி நேரம் பெரிய விஷயம், அதுல சந்தேகமே இல்லை. ஆனா 'இத்தனை கோடி பேர் டிஜிட்டல் திறன் பெற்றார்கள்'னு மேடையில சொல்றப்போ எனக்குக் கொஞ்சம் கண்ணைக் கட்டுது. நடத்தின வகுப்புகளையும் எழுதின தேர்வுகளையும் எண்ணினது அது.

விரல், வாய், ஞாபகம் மூணையும் அளந்தாச்சு. கண்ணை எங்கே அளந்தாங்க? அக்கா விரலை வெச்சு இறக்கிட்டு வந்தப்போ, பதினோரு சைபரைப் பாத்து அவங்களை நிறுத்தினது எது? அதுக்கு எந்தக் கேள்வித்தாள்ல மார்க் இருக்கு?

'அட, அந்தச் சின்ன விஷயம்தானே'ன்னு சொல்றவங்களுக்கு மூணு கதை. மூணும் நடந்தது.

2010ல ரெய்ன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு. பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்கறதுக்கு அதையே ஆதாரமாக் காட்டினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அவங்க விரிதாளை வாங்கிப் பாத்தார். சராசரி எடுக்கற சூத்திரம் அஞ்சு நாட்டு வரிசைகளை விட்டுட்டு நிக்குது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அந்தக் கட்டுரையில இருந்த பிழைகள்ல அது ஒண்ணு.

2020 அக்டோபர். இங்கிலாந்துல கொரோனா பாதிச்ச 15,841 பேர் அன்றாடக் கணக்குல ஏறாமலே போயிட்டாங்க. காரணம், ஆய்வகங்கள் அனுப்பின தகவலைப் பழைய வடிவ எக்செல் கோப்புல வாங்கினாங்க. அந்த வடிவத்துல 65,536 வரிசைக்கு மேல இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாம விழுந்துடுச்சு. அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடறது நாள் கணக்குல தள்ளிப் போச்சு.

மூணாவது இன்னும் தமாஷ். மரபணுக்கள்ல சிலதுக்கு 'மார்ச் 1', 'செப்ட் 1'னு சுருக்கப் பேரு. எக்செல் அதையெல்லாம் தேதியா மாத்திடும். 2016ல வந்த ஒரு ஆய்வு, முன்னணி இதழ்கள்ல மரபணுப் பட்டியலை எக்செல்ல இணைச்சிருந்த கட்டுரைகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுல இந்தப் பிழை இருக்குன்னு சொல்லுச்சு. கடைசியில 2020ல விஞ்ஞானிகள் மரபணுக்களோட பேரையே மாத்திட்டாங்க! அவ்வ்வ்வ்.

இந்த மூணு கதையிலயும் வர்றவங்களுக்கு எங்க கம்பெனிக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்க. நாப்பதுக்கு நாப்பது வாங்குவாங்க. எல்லாரும் 'அட்வான்ஸ்டு'.

இதைக் கவரைப்பேட்டைக்காரங்களுக்குத் தனியா விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 11 ராத்திரி, மைசூர்லேருந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ் எங்க ஸ்டேஷனைத் தாண்டணும். பச்சை சிக்னல் மெயின் லைனுக்கு. வண்டி போனது லூப் லைன்ல, அங்க நின்ன சரக்கு வண்டி மேல. நிறைய பேருக்குக் காயம், உயிர் போகலைங்கறது பெரிய ஆறுதல். ஏன் அப்படி ஆச்சுங்கறதுக்குள்ள நான் போகலை, அது என் வேலையும் இல்லை. ஆனா அன்னியிலேருந்து எங்க பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் ஒண்ணு புரியும். திரையில தெரியறது ஒண்ணா இருக்கும், தரையில இருக்கறது வேறயா இருக்கும். தரவு வேலையில அந்த வித்தியாசத்தை மோப்பம் பிடிக்கறதுதான் திறமை. குறுக்கு விசை எல்லாம் அதுக்கு அப்புறம்.

இது எங்க கம்பெனியோட முடியற விஷயமும் இல்லை. அங்கன்வாடியில குழந்தையோட எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர்ல ஏத்தறவங்க, பிக்மி நம்பர் போடற கிராம சுகாதார செவிலியர், எமிஸ்ல வருகை போடற டீச்சர், இவங்க எல்லாருமே தரவோட வேலை செய்யறவங்கதான். 2021ல போஷன் டிராக்கர் வந்தப்போ மகாராஷ்டிராவுல அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைபேசியைத் திருப்பிக் கொடுத்தே போராடினாங்க. கைபேசி தாங்கலை, செயலி இங்கிலீஷ்ல இருக்குன்னு. அதைத் 'திறன் குறைவு'ன்னு எழுதறதா, 'செயலி குறைவு'ன்னு எழுதறதா? 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைபேசிச் செயலி வழியாத்தான்னு அறிவிச்சிருக்காங்க. கணக்கெடுக்கப் போற டீச்சருக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்குன்னு சொல்லிக் கொடுப்பாங்க. ஒரு வீட்டுல சொல்ற பதில் முன்னுக்குப் பின் முரணா இருந்தா நின்னு திரும்பக் கேக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்களா? அதுக்கு நேரம் கொடுப்பாங்களா?

சரி, வழக்கமா வர்ற பின்னூட்டங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

"சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்." இல்லீங்க. நான் முப்பத்துநாலு மார்க். எனக்குச் சம்பள உயர்வு வந்துடுச்சு. பழத்தைத் தின்னுட்டுத்தான் பேசறேன்.

"அக்கா நாலு விஷயம் புதுசாக் கத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவாங்க?" போக மாட்டாங்க, கத்துக்கணும். அவங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கு. ஆனா அது என்னன்னு இந்தத் தேர்வு சொல்லவே இல்லையே. 'பதினேழு'ங்குது, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட போனா 'உங்களுக்கு உடம்பு நாப்பதுக்குப் பதினேழு'ன்னு சொல்லி அனுப்பினா எப்படி இருக்கும்?

"அப்ப அளக்கவே கூடாதுங்கறியா?" இதுதான் உருப்படியான கேள்வி. அளக்கணும். அளக்காம விட்டா யார் மேனேஜருக்கு வேண்டியவங்களோ அவங்கதான் 'திறமைசாலி'. எனக்கு அதுவும் தெரியும். செய்ய வெச்சு அளங்கன்னுதான் சொல்றேன். ஓ.இ.சி.டி. அமைப்பு 2012லயே பெரியவங்களுக்கான திறன் ஆய்வுல அப்படிப் பண்ணிப் பாத்தாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு போலி மின்னஞ்சல் பெட்டி, போலி வலைத்தளம், ஒரு விரிதாள் வெச்சு, 'இந்த வேலையை முடி'ன்னு கொடுத்தாங்க. பணக்கார நாடுகள்லயே உச்ச நிலையைத் தொட்டவங்க நூத்துக்கு அஞ்சாறு பேர்தான். 'தெரியுமா'ன்னு வாயால கேட்டிருந்தா எத்தனை பேர் கையைத் தூக்கியிருப்பாங்கன்னு நீங்களே யோசிங்க.

"அதுக்கெல்லாம் காசு, நேரம்..." இதுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தைச் செலவு பண்ணேன். எங்க வேலை மாதிரியே அம்பது வரிசைக்கு ஒரு விரிதாள் தயார் பண்ணி, எட்டு இடத்துல வேணும்னே தப்பு வெச்சேன். ஒரு இடத்துல ஜூன் 31. ஒரு லாரிக்கு மொத்த எடையைவிட நிகர எடை அதிகம். ஒரே வண்டி ஒரே நிமிஷத்துல ரெண்டு கேட்ல. '3-12'ங்கற உதிரிபாக எண் டிசம்பர் 3 ஆகி நிக்குது. டன்ல இருக்க வேண்டிய பத்தியில ஒரே ஒரு வரிசை மட்டும் கிலோவுல. ஒரே ஆளு ரெண்டு எழுத்துக்கூட்டல்ல ரெண்டு தடவை சம்பளம் வாங்கறார். அப்புறம், கடைசி வரிசையைச் சேர்க்காத ஒரு கூட்டல் சூத்திரம். சூத்திரமே இல்லாம கையால எண்ணைத் தட்டி வெச்ச ஒரு கட்டம்.

கேள்வி தமிழ்ல ஒண்ணே ஒண்ணு: 'இதை அனுப்பலாமா? அனுப்பக் கூடாதுன்னா ஏன், யாரைக் கேப்பீங்க?'

அக்கா எட்டுல ஆறைப் பிடிச்சாங்க. விட்டது ரெண்டுமே சூத்திரம் சம்பந்தப்பட்டது. ஆக, அவங்களுக்கு என்ன பயிற்சி வேணும்னு எனக்கு இருபது நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கச் சொல்லித் தரணும். அவ்வளவுதான். என்கூட 'அட்வான்ஸ்டு' வாங்கின இன்னொரு தம்பி மூணைப் பிடிச்சான். சூத்திரம் ரெண்டையும் டக்குனு பிடிச்சுட்டான், ஜூன் 31ஐயும் பாத்தான். நிகர எடையைப் பாத்துட்டு, "அதெல்லாம் எடைமேடைக்காரங்க பாத்துப்பாங்கண்ணா"ன்னான். அவனுக்கு வேற பயிற்சி. (கேள்வித்தாள் நானே போட்டதால எனக்கு மார்க் இல்லை. எஸ்கேப்!) ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வெச்சா எட்டும் மாட்டும். திறமையை அளக்கறதோட பலனே இதுதானே? யாருக்கு எது வரும், யாருக்கு எது சொல்லித் தரணும், யாரை யார்கூட உக்கார வெக்கணும்?

இதையெல்லாம் மேலே சொன்னேனான்னு கேப்பீங்க. சொன்னேன். மேனேஜர் பொறுமையாக் கேட்டார். தீபாவளி விஷயத்தையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. "நீ சொல்றது சரிப்பா. ஆனா ஸ்கோர் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு. அங்க நம்பரைத்தான் பாப்பாங்க"ன்னார். ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை.

இதுல நான் இன்னும் சொல்லாத ஒண்ணு இருக்கு. ஹெட் ஆபீசுக்குப் போன அந்த ஸ்கோர் பட்டியலை விரிதாள்ல ஏத்தினது நான்தான். அக்கா பேருக்கு நேரா 17ன்னு தட்டினது என் விரல். கடைசிப் பத்தி 'குறிப்புகள்'னு காலியா இருந்துச்சு. தீபாவளி விஷயத்தை ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்போ எனக்குத் தோணலை. இல்லை, தோணுச்சு. எழுதினா என் தப்பு வெளியே வந்துடுமேன்னு விட்டுட்டேன். சுற்றறிக்கை வந்தப்புறம் போய்ச் சொன்னதெல்லாம் அந்தக் காலிக் கட்டத்துக்குப் பரிகாரம்தான், கொஞ்சம் லேட்டான பரிகாரம்.

அக்கா என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. ஒரு நாள் சாயங்காலம் கவரைப்பேட்டை பிளாட்பாரத்துல லோக்கலுக்கு நின்னுக்கிட்டிருந்தோம். அவங்க பொன்னேரியில இறங்கணும், நான் மீஞ்சூர். பையிலேருந்து ஒரு நோட்டை எடுத்து, "தம்பி, ஸ்லைடு ஷோவுக்கு எந்த விசைன்னு சொல்லு, எழுதிக்கறேன்"ன்னாங்க. "எஃப் 5 அக்கா. ஆனா நம்ம கம்பெனியில யாரு ஸ்லைடு போடறாங்க?"ன்னேன். "அது எனக்கு எதுக்குப்பா? அவங்க கேக்கறாங்க, நான் எழுதிக்கறேன்."

இப்போ தினமும் ரெண்டு கேள்வி. வண்டி வர்ற வரைக்கும். பி.சி.சி. முடிஞ்சது, கிளவுட் முடிஞ்சது, ஜிகாபைட்டுக்கு ஆயிரத்து இருபத்துநாலுன்னே எழுதச் சொல்லியிருக்கேன். அக்காவோட ஞாபகசக்திக்கு நாப்பது விடை ஒண்ணுமே இல்லை. ஒடிசா பையனோட பதினாறு இலக்கத்தையே ஞாபகம் வெச்சிருந்தவங்க. மறுதேர்வுல முப்பத்தஞ்சு வாங்குவாங்க, பாருங்க. 'பயிற்சிக்குப் பின் டிஜிட்டல் திறன் இருமடங்கு உயர்வு'ன்னு யாரோ ஒருத்தர் ஸ்லைடு போட்டு எஃப் 5 அழுத்துவாங்க.

அக்காவோட வேலையில ஒண்ணுமே மாறியிருக்காது. அதே விரல், அதே நீள நோட்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. இங்க கறி சமைக்கறவங்களை உக்கார வெச்சு ஏட்டுச் சுரைக்காய் வரையச் சொல்லிக்கிட்டிருக்கோம்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு தேர்வு வந்திருந்தா, அதுல என்ன கேட்டாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஹெச்.ஆர்.ல இருக்கற நண்பர்கள் கும்மணும்னா தாராளமா வந்து கும்முங்க. அந்த அம்பது வரிசை விரிதாள் வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்பறேன்.

டிஸ்கி 1: கம்பெனி பேரைக் கேட்டு யாரும் மெயில் போட வேணாம். எனக்கும் ஈ.எம்.ஐ. இருக்கு.

டிஸ்கி 2: கணக்கு எண் இருக்கற பத்தியை எக்செல்ல 'டெக்ஸ்ட்'னு குறிச்சுட்டு அப்புறமா தரவை உள்ளே கொண்டு வாங்க. திறந்தப்புறம் மாத்தினா போன இலக்கம் திரும்ப வராது. இந்தப் பதிவுல வேற எதுவும் உருப்படியா இல்லைன்னாலும் இந்த ஒரு வரி யாராவது ஒருத்தரோட சம்பளத்தைக் காப்பாத்தும்.